பெடல் பஞ்சானால்

மாப்ள,

உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று திட்டுவாய். திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். பூசாரிக்குச் சேலத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள், அவன் தாடியை மட்டும் எடுக்க மாட்டானாம்.

விஷயம் வேறு. போன வாரம் என் மச்சான் கொல்லிமலையிலிருந்து பிக்கப்பில் பலா ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறான். அந்த 70 கொண்டை ஊசி வளைவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிவாரத்துக் காரவள்ளிக்குக் கொஞ்சம் மேலே பிரேக் பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்றாகி, அப்புறம் தரையோடு போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் உரசவிட்டு நிறுத்தியிருக்கிறான். ஆளுக்கு ஒன்றுமில்லை. அறப்பளீஸ்வரர் காப்பாற்றினார் என்று அத்தை தேங்காய் உடைத்தாள். காப்பாற்றட்டும், பிரேக் ஆயிலை அவரா மாற்றுவார்?

வண்டி ஆறியதும் பெடல் மறுபடி கெட்டியாக நின்றதாம். எனக்குத் தூக்கம் போனது அதைக் கேட்டுத்தான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்கிற ரகம் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு மூன்று நாலு பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 பக்கத்திலேயே கொதிக்கும். பாரத்தோடு மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். ஆயில் ஆவியாகிவிட்டால் நீ மிதிக்கிற மிதியெல்லாம் ஆவியை அமுக்கத்தான் சரி, வீலுக்குப் போகாது. ஆறினால் பழையபடி ஆயில். மெக்கானிக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே பிடிக்குது" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை என் வாசலிலேயே மாற்றினோம். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் டப்பாவில் இருந்தது டிகாக்‌ஷன் நிறம். அதை ஊசிக்குழாயால் உறிஞ்சிவிட்டுப் புது ஆயில் ஊற்றி, தூரத்து வீலிலிருந்து ஆரம்பித்தேன்: பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியில் டிரைவர் பக்கம். உன் தங்கச்சி கேபினில். மிதித்துப் பிடித்துக்கொள்வாள், நான் வீலில் பழைய ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்து மூடுவேன், மூடிய பிறகுதான் "விடு". முதல் "விடு"வுக்கு மகராசி வேலையையே விட்டுவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வைத்தேன். பழைய சிலிண்டரில் தரைவரை மிதித்தால், ரப்பர் இதுவரை போகாத துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழியும். பாரத்துக்குத் தக்கபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற, பின் ஆக்சிலோடு கம்பி போட்ட வால்வு இருந்தால் ஆக்சிலைத் தொங்கவிடாதே. வண்டி காலி என்று நினைத்து அது பின் வீலுக்கு ஆயிலைக் குறைத்துவிடும். டப்பா ஒரு தடவை வற்றினாலும் காற்று புகுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்று.

மாப்ள, விளையாட்டில்லை. நீ கொடைக்கானல் கேரட்டை வத்தலகுண்டுக்கு இறக்குகிறவன். அந்த வண்டியைப் பழசாக வாங்கினாய். ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டாயா? நீ அன்று கேட்டதெல்லாம் ஸ்பீக்கர் பாடுமா என்றுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். மலை ஓட்டத்துக்கு இன்னும் சீக்கிரம். மூடியில் டாட் 3 என்றிருந்தாலும் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கான், இதோடு சேராது. வீட்டில் பாதி டின் திறந்து கிடந்தால் அதையும் ஊற்றாதே. வண்டியில் வீல் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் இருந்தால் நீ கைவைக்க வேண்டாம், விவரம் தெரிந்த பட்டறைக்கு விடு.

இந்த வாரமே செய். தனியாக முடியாது என்றால் சொல், ரிங் ஸ்பேனரோடு பஸ் ஏறுகிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல். மொட்டை உனக்குத் தர வேண்டிய பணத்தை என்னிடம் கேட்காதே.

உன்,
மாப்ள