வண்ண மீன் தொட்டிக்கு நிறத்துக்கு முன் பொருத்தம் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கியதும் கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்களின் வண்ண மீன் கடைகளில் பிள்ளைகளோடு வரும் பெற்றோர் கூட்டம் அதிகரிக்கிறது. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, பிள்ளை கைகாட்டும் மீன்களையெல்லாம் இரண்டிரண்டாகப் பையில் பிடித்துக்கொண்டு அன்றே வீடு திரும்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்படிப் போகும் மீன்களில் பல, பள்ளி திறக்கும்வரைகூட உயிரோடு இருப்பதில்லை. தண்ணீர் மாற்றியதில் பிழை, தீனி அதிகமாகிவிட்டது என்று வீட்டில் காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். அவையும் காரணங்களாக இருக்கலாம். ஆனால் ஒரே தொட்டியில் சேர்ந்து வாழ இயலாத மீன்களைச் சேர்த்து விற்பதும் வாங்குவதும்தான் இந்த இழப்புக்கு முதன்மையான காரணம் என்பது என் உறுதியான கருத்து. எனவே, ஒவ்வொரு கடையிலும் மீனின் விலையை எழுதியிருக்கும் அட்டையிலேயே, அது முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் வரும், குறைந்தது எத்தனை மீன்களாக வளர்க்க வேண்டும், எத்தகைய தண்ணீரை ஏற்கும், எவற்றோடு சேர்க்கக் கூடாது என்பவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கொங்கு நாட்டில் இந்தப் பேச்சைத் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் உப்பு மிகக் குறைந்த மென்மையான தண்ணீர். பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கங்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்கும் உப்புத் தண்ணீரோ பெரும்பாலும் கடினமானது. அதைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தே யாரும் தெரிந்துகொள்ளலாம். நியான் டெட்ரா என்னும் சிறு மீன் தென்னமெரிக்காவில் அமேசான் ஆற்றுப் படுகையின் மென்மையான, சற்றே அமிலத் தன்மையுள்ள ஓடைகளைச் சேர்ந்தது. கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை கடினமான, காரத் தன்மையுள்ள தண்ணீரில்தான் செழிக்கும். மோலிக்குச் சிறிது உப்புக் கலந்த தண்ணீரும் ஒத்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் ஒரே பையில் போட்டுக் கொடுத்து, நோய் வராமலிருக்க ஒரு கைப்பிடி கல்லுப்புப் போடுங்கள் என்று சொல்லியனுப்பினால், மோலி தப்பிக்கும், அடியில் மேயும் கோரிடோராஸ் துன்பப்படும். பண்ணையில் பிறந்த நியான்கள் ஓரளவு கடினத்தைப் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். இருந்தாலும், உப்புத் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லாத வீட்டுக்கு கப்பியும் பிளாட்டியும் இருக்கும்போது நியானைப் பரிந்துரைப்பது முறையாகாது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதும் என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. தாதுக்கள் நீக்கப்பட்ட அந்தத் தண்ணீரில் அமில காரச் சமநிலை எளிதில் குலைந்துவிடும். அதைக் குழாய்த் தண்ணீரோடு கலந்து பயன்படுத்துவதே நல்லது.

கடினமான தண்ணீரில் இன்னோர் ஆபத்தும் உண்டு, இதைக் கடைகளில் எடுத்துச் சொல்பவர்கள் மிகக் குறைவு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஃபில்டரில் குடியேறும் நுண்ணுயிரிகள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் அந்த நுண்ணுயிரிகள் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அதற்குள் பத்துப் பன்னிரண்டு மீன்களை ஒரே நாளில் விட்டால் அமோனியா தேங்கிவிடும். காரத் தன்மையும் வெப்பமும் கூடக்கூட அதே அளவு அமோனியாவின் நஞ்சும் கூடும் என்பதால், ஈரோடு, கரூர் வெயிலில், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், மீன் நிறைந்த புதுத் தொட்டி சில நாட்களிலேயே காலியாகிவிடுகிறது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால், ஆன்டி குளோரின் சொட்டுகளைச் சேர்த்த பிறகே மீனை விட வேண்டும். இந்த அடிப்படைகள் சரியாக இருந்தால்தான் மீன்களுக்குள் பொருத்தம் பார்ப்பதற்கே பொருள் உண்டு.

இனிக் குணத்துக்கு வருகிறேன். டைகர் பார்ப் மிக அழகான மீன், கடைகளில் அதிகம் விற்பதும்கூட. ஆனால் இரண்டு மூன்றை மட்டும் வாங்கி, நீண்ட துடுப்புகளுள்ள ஏஞ்சலோடோ கப்பியோடோ விட்டால் அவற்றின் வாலையும் துடுப்பையும் கடித்துக் கிழித்துவிடும். எட்டோ அதற்கு மேலோ கூட்டமாக இருக்கும்போது அந்தத் துரத்தல் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துபோகும்; அப்போதும் நீண்ட வால் மீன்களை அவற்றோடு வைக்காமலிருப்பதே பாதுகாப்பு. ஆண் ஃபைட்டரின் போக்கு வேறு வகையானது. இன்னோர் ஆண் ஃபைட்டரை அது விடாது என்பது எல்லோருக்கும் தெரியும். விரிந்த வாலும் பளிச்சென்ற நிறமும் கொண்ட ஆண் கப்பியையும் அது போட்டியாளனாக எண்ணித் தாக்கக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஏஞ்சலை நியானோடு சேர்ப்பதிலும் இதே அறியாமைதான். ஏஞ்சல் ஒரு ரூபாய் நாணயம் அளவில் இருக்கும் வரை தொட்டி அமைதியாகவே தெரியும். உடல் மட்டும் 15 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய அந்த மீன், வாய்க்குள் அடங்கும் நியானை இரையாகத்தான் பார்க்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. சேர்த்து வைத்தவர்களே அறிந்திருக்க வேண்டும்.

வளரும் அளவை மறைத்து விற்பதே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும்; பெரிதான பிறகு பாசியை விட்டு, தட்டையான உடலுள்ள மீன்களின் மேல் ஒட்டி அவற்றின் தோலைச் சுரண்டவும் செய்யும். ஷார்க் என்ற பெயரில் விரல் நீளத்தில் விற்கப்படும் ஒரு கெளுத்தி இனம் மீகாங் ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளர்வது. ஆஸ்கரும் ஓரடி வரும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீரை விரும்புவது, கழிவு அதிகம் விடுவது. வெப்பமண்டல மீன்களோடு ஹீட்டர் போட்ட தொட்டியில் அதற்கு இடமில்லை. இவை வளர்ந்து தொட்டி போதாமல் போகும்போது, பலர் இரக்கத்தோடு கொண்டுபோய் ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகிறார்கள். அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் நம் நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் உணவையும் முட்டையிடும் இடத்தையும் பறித்து, மீனவர்களின் வலைகளையும் கிழிக்கின்றன. நொய்யலை ஒட்டிய குளங்களும் பவானி, அமராவதி வாய்க்கால்களும் அந்த நிலைக்கு வரக் கூடாது. வளர்க்க முடியாத மீனைக் கடைகள் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் வர வேண்டும்.

என்னதான் வளர்ப்பது என்று கேட்பவர்களுக்கு, 50 லிட்டர் அளவுள்ள இரண்டடித் தொட்டியை வைத்தே சொல்கிறேன். சிறுவாணி போன்ற மென்மையான தண்ணீர் கிடைத்தால், இலங்கையைச் சேர்ந்த செர்ரி பார்ப் எட்டு, அடித்தளத்தில் மெல்லிய மணல் பரப்பிச் சிறிய இனக் கோரிடோராஸ் ஆறு, இரண்டு மாதங்கள் கழித்துத் தேன் நிறக் கௌராமி ஓர் இணை என்று படிப்படியாக விடலாம். நடுத் தண்ணீரில் ஒரு கூட்டமும் அடியில் ஒரு கூட்டமும் மேற்பரப்பை ஒட்டி ஓர் இணையுமாக இவை இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். உப்புத் தண்ணீராக இருந்தால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் பிளாட்டியும், துள்ளித் திரியும் ஜீப்ரா டேனியோ எட்டும் போதும். பெண் பிளாட்டி ஒரு முறை சேர்ந்தால் பல மாதங்களுக்குத் தொடர்ந்து குஞ்சு ஈனும் என்பதால் இடம் விட்டே தொடங்க வேண்டும். கூட்டமாக வாழும் இனத்தில் இரண்டை மட்டும் வாங்குவது சிக்கனமாகத் தோன்றினாலும், துணையின்றி அஞ்சி ஒளிந்து நிறம் மங்கும் மீனால் யாருக்கும் மகிழ்ச்சியில்லை. ஐந்து இனங்களில் இரண்டிரண்டு வாங்குவதைவிட இரண்டு இனங்களை முழுக் கூட்டமாக வாங்குவதையே நான் எவருக்கும் சொல்வேன்.

மிஸ் கேரளா மீனைப் பற்றியும் ஒரு சொல். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கே உரிய, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அருகிவரும் இனமாகக் குறிக்கப்பட்டுள்ள மீன் அது. பிராண வாயு நிறைந்த ஓடும் தண்ணீரும் நான்கடித் தொட்டியும் கூட்டமும் அதற்கு வேண்டும். பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா என்று கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

வண்ண மீன் வளர்ப்பு நம் பகுதிப் பெண்களுக்கு நல்ல தொழிலாகக்கூடியது. 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்ப்பதற்கும் மானியம் உண்டு. பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் அளிக்கப்படுகின்றன. சென்னைக் கொளத்தூரின் வண்ண மீன் சந்தையிலிருந்து நெடுந்தொலைவு பையில் அடைபட்டு வரும் மீனைக் காட்டிலும், உள்ளூர்த் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த பிளாட்டியும் கப்பியும் இங்குள்ள வீட்டுத் தொட்டிகளில் நன்றாக நிலைக்கும். இத்திட்டத்தில் பயிற்சி அளிப்பவர்கள், குஞ்சு பொரிக்கும் முறையோடு எந்த மீன் எதனோடு சேரும் என்பதையும் பாடமாக வைக்குமாறு மீன்வளத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். கடைக்காரர்கள் அந்த அட்டையை இந்த விடுமுறையிலேயே எழுதத் தொடங்கலாம். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் வாரம் ஒரு மீனாக இந்த விவரங்களை வெளியிட்டால், கடைக்குப் போகும் பிள்ளைகளே பெற்றோருக்கு எடுத்துச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.