அந்த சைக்கிளுக்கு மணி கிடையாது

அன்பு மகளே,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. வகுப்பில் பாதிப் பேர் ஒரே மாதிரி கட்டுரை கொண்டுவந்திருக்கிறார்கள், எல்லாம் ஏஐ எழுதியது, இனிமேல் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் போட்டு ஒவ்வொன்றாகச் சோதிக்கப் போகிறேன் என்றாய். அதை மட்டும் செய்யாதே அம்மா. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் நிறுத்திவிட்டது. அவர்கள் சோதனையிலேயே ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதிலும் 9 சதவீதத்தை ஏஐ எழுதியது என்றது. தானே உட்கார்ந்து எழுதிய பிள்ளையிடம் போய் "இது நீ எழுதியதா?" என்று கேட்டுவிட்டால், அப்புறம் அந்தப் பிள்ளை மனசு வைத்து எழுதவே எழுதாது.

என்னிடம் மாலையில் படிக்க வரும் பையன் ஒருவன், தொலைந்துபோன பொருளைப் பற்றி ஒரு பக்கம் கொண்டுவந்தான். ஒரு பிழை இல்லை. வாசிக்கச் சொன்னேன், மூன்றாவது வரியில் 'நினைவேக்கம்' என்ற சொல்லில் தடுக்கி நின்றான். அர்த்தம் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். நான் திட்டவில்லை. தாளைத் திருப்பி, தொலைந்த சைக்கிளைப் பற்றி உனக்குத் தெரிந்ததை ஐந்தே வரி எழுது என்றேன். அந்த வரிகளை ஏஐயிடம் கொடுத்து, 'எனக்கு எழுதித் தராதே, கேள்வி மட்டும் கேள்' என்று தட்டச் சொன்னேன். பத்துக் கேள்வி வந்தது, ஒன்பது சப்பென்று இருந்தன. ஒன்று மட்டும், அந்த சைக்கிளின் மணிச்சத்தம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டது. பையன் சிரித்துவிட்டான். "அதுக்கு மணியே கிடையாது, நான்தான் வாயால டிரிங் டிரிங்னு கத்திக்கிட்டே போவேன்" என்றான். அதை எழுதுடா என்றேன்.

கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடுகிற இயந்திரம்தான் இந்த ஏஐ. அதனால்தான் சும்மா கேட்டால் எல்லாரும் எழுதுவதையே தருகிறது, உன் மாணவர்களின் கட்டுரைகள் ஒன்றுபோல் இருந்ததற்கும் அதுதான் காரணம். உண்மையைச் சொல்லும் அதே தோரணையில் இல்லாததையும் சொல்லும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. இதை வகுப்பில் சொல், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சொல்லிவிட்டு, அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றியே ஏஐயிடம் கேட்டுத் தப்பு கண்டுபிடிக்கச் சொல். சொந்தப் பெயர், போட்டோ, வீட்டு விஷயம் எதையும் அதில் போடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடு.

மதிப்பெண் விஷயம் ஒன்று. ஏஐ சொன்னதில் எதை எடுத்தேன், எதை வேண்டாம் என்றேன், ஏன் என்று கட்டுரைக்கு அடியில் நாலு வரி எழுதச் சொல், பாதி மதிப்பெண்ணை அதற்கே வை. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை.

முதலில் ஒரே ஒரு வகுப்பில் செய்து பார். ரொம்பச் சத்தம் போடுவார்கள் என்பாயே, அந்த வகுப்பில். அவர்கள் எதையெல்லாம் வேண்டாம் என்றார்கள் என்று எனக்கு எழுது.

அப்பா