அது சர்ச் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார இணைப்பில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரை, செட்பர் ஊருக்கு அருகே உள்ள பிரிக்ஃபிளாட்ஸ் கூட்ட வீட்டை, அதாவது குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வழிபடக் கூடும் இடத்தை, 'அழகான பழைய சர்ச்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நான் கெண்டலில் பல வருடங்களாக இருக்கிறேன். அந்த வீட்டின் பெஞ்சுகளில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

குவேக்கர்களுக்கு சர்ச் என்றால் கூடுகிற மக்கள்தான். கோபுரம் வைத்த கட்டடத்தை, இந்தப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 'கோபுர வீடு' என்றுதான் சொல்வார். 1652இல் அவர் இந்தப் பக்கம் வந்தபோது, பக்கத்திலிருக்கும் ஃபிர்பேங்க் குன்றில் ஆயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். அருகிலேயே ஒரு சிற்றாலயம் இருந்தது. அவர் அதற்குள் போகாமல், வெளியே பாறை மேலிருந்து மூன்று மணி நேரம் பேசினார்.

சரி, பெயரை விடுங்கள். கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான விஷயம், அந்த வீடு கட்டப்பட்ட காலம். வாசலுக்கு மேலே 1675 என்று இருக்கிறது. அன்றைக்கு இப்படிக் கூடுவதே குற்றம். வீட்டு ஆட்கள் தவிர ஐந்து பேர் சேர்ந்து அரசுத் திருச்சபையின் முறைப்படி அல்லாமல் வழிபட்டால், 1670ஆம் வருடச் சட்டப்படி தலைக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். மறுபடி பிடிபட்டால் பத்து. இடம் கொடுத்தவருக்கு இருபது பவுண்டு அபராதம். காட்டிக்கொடுப்பவருக்கு அபராதத்தில் பங்கு வேறு! அப்படிப்பட்ட நாளில், எல்லோர் கண்ணிலும் படும்படி கல்லால் ஒரு வீட்டை எழுப்பினார்கள். அவர்கள் கூடுவதற்குச் சட்டம் அனுமதி கொடுத்தது 1689இல்தான். பதினான்கு வருடங்கள் கழித்து.

உள்ளே பீடம் கிடையாது, பாதிரியார் கிடையாது, பாட்டும் கிடையாது. வெள்ளையடித்த சுவர், மர பெஞ்சுகள், அவ்வளவுதான். எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளத்தில் தூண்டுதல் வந்தால், ஆணோ பெண்ணோ, யாரும் எழுந்து பேசலாம். ஒரு வார்த்தையும் இல்லாமலே முடிகிற நாளும் உண்டு.

மாடிப்படி ஓரத்தில் மரத்தால் ஒரு சின்ன அடைப்பு இருக்கும். அந்தக் காலத்தில் ஆடு வளர்க்கும் விவசாயிகள் மந்தை மேய்க்கும் நாயோடு வருவார்கள் என்பதால், கூட்டம் முடியும்வரை நாய்கள் இருக்க ஓர் இடம். முதல் தடவை அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு காலத்தில் அபராதத்துக்குப் பயந்திருக்க வேண்டியிருந்த சமூகம், நாய்க்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது.

'சர்ச்' என்பதைத் தயவுசெய்து திருத்துங்கள். அப்புறம், 'பழைய' என்ற சொல்லைப் படித்துவிட்டு ஞாயிறு காலை கேமராவோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள்: கதவைச் சத்தமில்லாமல் திறக்கவும், உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கெண்டல், இங்கிலாந்து.