புகார்: பேசாத சவுண்ட் பாக்ஸ், தவறாத வாடகை

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மணப்பாறை பேருந்து நிலையம் அருகே முறுக்குக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கியூஆர் அட்டையும் சவுண்ட் பாக்ஸும் ஒன்றரை வருடமாக என் கடையில் இருக்கின்றன. போன மாதம் 9ஆம் தேதியிலிருந்து பெட்டி வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது விளக்கு மட்டும் சிவப்பாக விட்டுவிட்டு எரிகிறது. அது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

பஸ் வந்து நின்றால் இரண்டு நிமிடம்தான் எங்கள் வியாபாரம். ஜன்னல் வழியாகப் பாக்கெட்டைக் கொடுத்து, அட்டையைத் தூக்கிப் பிடிப்பேன். உள்ளே இருப்பவர் ஸ்கேன் செய்வார். கடையில் பெட்டி ‘ஐம்பது ரூபாய்’ என்று கத்தியதும் என் மனைவி கையை ஆட்டுவார், நான் அடுத்த ஜன்னலுக்குப் போவேன். இப்போது பச்சை டிக்கைக் காட்டுகிறார்கள், நம்பி விடுகிறேன். அது இன்றைய டிக்கா, போன வாரத்து ஸ்கிரீன்ஷாட்டா என்று எண்ணெய்க் கையோடு எப்படிப் பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை ஒருவர் 200 ரூபாய்க்கு வாங்கினார். இரவு கணக்குப் பார்த்தால் அது வரவே இல்லை. பஸ் திண்டுக்கல் போய்ச் சேர்ந்திருக்கும். இதுவரை பத்தாயிரத்துக்குக் குறையாமல் போயிருக்கும். எழுதி வைக்கவில்லை, ஆனால் குறையாது.

நான்கு முறை புகார் செய்தேன். நான்குக்கும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ் வந்தது. மூன்றாவது முறை பேசிய தம்பி கேட்டது: “முறுக்கு விக்கிறதுக்கு எதுக்கு சார் சவுண்ட் பாக்ஸ்? போனைப் பார்த்துக்கோங்க.” அப்படியானால் அதைக் கொண்டுவந்து மாட்டியது யார்? நானா கேட்டேன்?

அதற்கு முன்பு ஒரு பெண், மரியாதையாகத்தான், திருச்சி அலுவலகத்துக்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு, மஞ்சப்பையில் பெட்டியோடு தில்லைநகர் போனேன். இரண்டாவது மாடி. பூட்டு. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், “அவங்க காலி பண்ணி ரெண்டு மாசம் ஆச்சே” என்றார். உங்கள் அலுவலகம் எங்கே என்று உங்களுக்கே தெரியாதா? சனிக்கிழமை வியாபாரம் போனது போனதுதான்.

ஒன்றாம் தேதி வாடகை 125 ரூபாயை மட்டும் டாண் என்று பிடித்துவிட்டீர்கள். யுபிஐக்கு வியாபாரியிடம் கட்டணம் கிடையாது என்று 2020 ஜனவரியிலிருந்து அரசே சொல்கிறது. நான் கொடுப்பது பெட்டி பேசுவதற்கு.

தயவுசெய்து வேறு பெட்டி கொடுங்கள், பிடித்த வாடகையைத் திருப்புங்கள். முதல் புகாருக்கு 30 நாள் ஆக இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அதற்குள் சரியாகாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதுவேன், நுகர்வோர் உதவி எண் 1915க்கும் அழைப்பேன். அந்தத் தம்பி பேசியதையும் சேர்த்தே சொல்வேன். உங்களிடம் பதிவு இருக்கும், போட்டுக் கேளுங்கள்.

ஆள் அனுப்பினால் காலை பத்து மணிக்கு மேல் அனுப்பவும். அதற்கு முன் அடுப்படியை விட்டு நகர முடியாது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

பி.கு.: இதை எழுதி முடிக்கும்போது பெட்டி ஒரு முறை பேசியது. நேற்று மாலை வந்த நாற்பது ரூபாயை இப்போது சொல்கிறது.