தேரிக்காடும் தமிழ்நாடுதான் சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர் இணைப்புல தமிழ்நாட்டு இயற்கை வளம்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. முதுமலை யானை, வால்பாறை சோலைக்காடு, முக்கூர்த்தி வரையாடு, போட்டோ எல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா தூத்துக்குடி, ராமநாதபுரம், நெல்லைக்குக் கிழக்க இருக்க ஊருங்க பத்தி ஒரே ஒரு வரி, மழை குறைஞ்ச தரிசு நிலம்னு. அந்த ஒரு வரி மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

மழை குறைவுதான், இல்லைன்னு சொல்லல. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே வாங்கிக்கிடுது, எங்களுக்கு வர்றது வெறும் காத்துதான், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பித்தான் குளமும் கிணறும். மாநில சராசரி 900 மி.மீ.யைத் தாண்டும்னா தூத்துக்குடி மாவட்டத்துக்கு 650 பக்கம்தான். அதே மாவட்டத்துலதான் 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சு, வருஷம் முழுக்க பெய்யுறதை விட ஜாஸ்தி, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலோட ஜனங்க மாட்டிக்கிட்டாங்க.

அந்த வெறும் காத்துன்னு சொன்னேன்ல, அது செஞ்ச வேலைதான் தேரி, அதாவது செவப்பு மணல் மேடு. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை கணவாய் வழியா ஆனி ஆடியில அடிக்கிற காத்து ஆயிரக்கணக்கான வருஷமா மண்ணைக் கொண்டுவந்து குவிச்சு குவிச்சு உண்டானதுதான் குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி எல்லாம். ஒவ்வொரு மணல் மேலயும் இரும்பு ஆக்சைடு படிஞ்சிருக்கதாலதான் அந்தச் செவப்பு. சாயர்புரம் பக்கம் தேரியில கற்கால மனுசங்க செஞ்ச சின்னச் சின்ன கல் கருவி கிடைச்சிருக்கு, அப்பவே ஆளுங்க வாழ்ந்த இடம் இது.

தரிசுன்னு சொல்றவங்க தண்ணி விஷயத்தைக் கொஞ்சம் பாக்கணும். தேரியில பெய்யுற மழை ஓடையா ஓடிப்போகாது, அப்படியே உள்ள இறங்கிரும். கால் பொசுக்குற மணலுக்கு நடுவுல அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்ல சுனை இருக்குன்னா அதுக்கு இந்த மண்ணுதான் காரணம். உடன்குடி வட்டாரத்துல கடல் தண்ணி உள்ள வந்து கிணறெல்லாம் உப்பாகிட்டு வருது, இந்த நிலைமையில தேரி மண்ணைத் தோண்டி எடுத்தா எங்க போய் நிக்கிறது? 2007ல இங்க டைட்டானியம் எடுக்கத் திட்டம் வந்தப்ப ஜனங்க எதிர்த்து நின்னது அதுக்குத்தான், திட்டமும் நின்னு போச்சு. பனை, கொல்லான்னு நாங்க சொல்ற முந்திரி, முருங்கைன்னு இந்த மண்ணு குடுக்குறதும் கொஞ்சம் இல்ல, உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடே வாங்கியிருக்கோம்.

அடுத்தது வல்லநாடு. நெல்லை தூத்துக்குடி நாலுவழிச் சாலையில போற எத்தனை பேருக்கு அந்த மலையில வெளிமான் இருக்குன்னு தெரியும்? 1987ல சரணாலயம் ஆக்குனாங்க, பரப்பு 16 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். இந்தியாவுல இயற்கையா வெளிமான் வாழுற இடத்துல ஆகத் தெக்க இருக்கது இதுதான். இந்த மானுக்கு அடர்ந்த காடு ஆகாது, தூரத்துல வர்ற ஆபத்தைக் கண்ணால பாத்துட்டு ஓடித்தான் தப்பிக்கும், அதுக்குப் புல்லும் உடைமரமும் உள்ள வெட்டவெளிதான் வேணும். சும்மா கிடக்குன்னு நினைச்சு அங்கெல்லாம் மரமா நட்டு அடைச்சாலும், சீமைக்கருவேலத்தைப் பரவ விட்டாலும் மானுக்கு இடம் போச்சு. பொட்டல்ல விசிறி மாதிரி தொண்டையை விரிக்கிற ஓணானும் உண்டு, அதுல ஒரு புது இனத்தை 2016ல தென்மாவட்டத்துல இருந்துதான் உலகத்துக்குச் சொன்னாங்க.

நெல்லை மாவட்டத்துல பறவைங்க வந்து தங்குற கூந்தன்குளம் பத்தி எழுதுனா இந்த லெட்டர் பத்தாது. இமயமலையைத் தாண்டிப் பறந்து வர்ற வரித்தலை வாத்து, பூநாரை, கூழைக்கடா, சங்குவளை நாரை எல்லாம் வருது, இதுல கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் வீட்டுக் கொல்லையில இருக்க மரத்துலயே கூடு கட்டுது. பறவை பயந்துரும்னு ஊர்க்காரங்க தீபாவளிக்கு வெடி போடமாட்டாங்க. 1994ல சரணாலயம் அறிவிச்சாங்க, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் 2022ல சேத்தாச்சு.

நாட்டோட தரிசு நில வரைபடத்துல புதர்நிலமும் மணல்நிலமும் ஒரு வகையா வருது சார். ஒரு தடவை அந்தப் பேரு விழுந்துட்டா அங்க என்ன உசுரு இருக்குன்னு யாரும் கேக்குறதே இல்ல. சோலார் பிளான்ட்டுக்கு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடே வேண்டாம்னு விதிவிலக்கு இருக்கு. கரண்ட் வேணும், சோலாரும் வேணும், நான் எதிர்க்கல, ஆனா நிலத்தை எடுக்கதுக்கு முன்னாடி அங்க மான் மேயுதா, பறவை முட்டை போடுதான்னு ஒரு சீசனாவது பாத்துட்டு எடுக்கணும்.

அதனால ரெண்டு விஷயம் கேக்குறேன். எங்க பகுதியைத் தரிசுன்னு போட்டதுக்கு ஒரு திருத்தம் போடுங்க. அப்புறம் தை மாசியில கூந்தன்குளத்துல தண்ணியும் பறவையும் இருக்கும்போது உங்க நிருபரையும் போட்டோகிராபரையும் அனுப்புங்க, வல்லநாட்டுக்குக் காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போகச் சொல்லுங்க, தேரிக்குச் சாயங்காலம் போனா போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
உடன்குடி வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்