அந்தத் தாளத்துக்கு ஓர் ஊர் இருக்கிறது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். சியோலில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று அம்மா சொன்னாள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ அனுப்பிய வீடியோவை நேற்று மட்டும் ஆறு தடவை பார்த்தேன். ஹாங்டே தெருவில் நீயும் தோழிகளும் 'டெல் மீ' என்ற கொரியப் பாட்டுக்கு ஆடுகிறீர்கள். சுற்றி நிற்கிற கொரியப் பிள்ளைகள் கூடவே கையை ஆட்டுகிறார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் போனில், "இது என்ன மாதிரிப் பாட்டும்மா?" என்று கேட்டேன். "எய்ட்டீஸ் ரெட்ரோப்பா, வெஸ்டர்ன் மியூசிக்" என்றாய். காலத்தைச் சொன்னாய், ஊரைச் சொல்லவில்லை. அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

டவுன்ஹால் ரோட்டில் நான் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த காலம் உனக்குக் கதையாகத்தான் தெரியும். 1988 வாக்கில் சவுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் ஒரு கேசட்டைக் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொன்னார். டெக்கில் போட்டதும் கை வேலையை நிறுத்திவிட்டது. டிஸ்கோ எனக்குப் பழக்கம்தான். அதில் அடி நாலும் சமமாக விழும். இதில் கனமான அடி எதிர்பார்த்த இடத்தில் விழாமல் தள்ளித் தள்ளி விழுந்தது. இடையில் மணி அடிப்பது போல ஒரு சத்தம். அதன் மேல் வெட்டி வெட்டி வரும் சிந்தசைசர் மெட்டு. ஆட்டத்துக்கான தாளம்தான், ஆனால் பாடுகிற பெண்ணின் குரலில் ஏக்கம். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்தேன். அந்தக் குரல் லிசா லிசாவுடையது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண் நியூயார்க்கில், மன்ஹாட்டனில், புவேர்ட்டோ ரிக்கோக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1985-ல் முதல் ஆல்பம் வெளிவந்தது. 1987-ல் ஒரே வருடத்தில் இரண்டு பாட்டுகள் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தன. அவர் தனி ஆளாக வந்தவர் இல்லை. நியூயார்க்கின் ப்ராங்க்ஸ், ஸ்பானிஷ் ஹார்லெம் பக்கத்து வீடுகளில் அப்பா அம்மா சல்சா என்ற லத்தீன் ஆட்டப் பாட்டு கேட்பார்கள். பிள்ளைகள் தெருவில் ஹிப்ஹாப்பும், மெஷின் தாளத்தில் வரும் எலக்ட்ரோவும் கேட்பார்கள். இரண்டும் அந்தப் பிள்ளைகளுக்குள் கலந்தன. கலந்து வந்ததற்கு லத்தீன் ஃப்ரீஸ்டைல் என்று பெயர். லத்தீன் என்றால் இங்கே மொழி இல்லை, லத்தீன் அமெரிக்க வம்சாவளி. பாடியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தாளத்தில் மட்டும் கரீபியன் கடல் இருந்தது: கிளாவே என்ற இரண்டு மரக்குச்சிகளைத் தட்டும் கணக்கும், டிம்பாலே மேளத்தின் உருட்டலும் தாளம் போடும் மெஷினுக்குள் ஏறிவிட்டன.

அந்த மெஷின் ஜப்பானில் செய்தது. ரோலண்ட் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த டி.ஆர்.-808. உண்மையான டிரம்ஸ் மாதிரி ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 மட்டும் செய்துவிட்டு 1983-ல் நிறுத்திவிட்டார்கள். பழைய கடைகளில் மலிவாகக் கிடைத்ததை நியூயார்க் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அதே 1983-ல் ஷானன் பாடிய 'லெட் த மியூசிக் ப்ளே' வந்தது. கிறிஸ் பார்போசாவும் மார்க் லிகெட்டும் தயாரித்தது. ஃப்ரீஸ்டைலின் ஆரம்பம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் இதைத்தான் காட்டுவார்கள். பாடியவர் கறுப்பினப் பெண். அங்கே கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் பக்கத்துப் பக்கத்து வீடு, பிரித்துப் பார்க்க முடியாது. மயாமியில் கியூபாக்காரர்கள் நடுவில் இது வேறொரு சாயலில் வளர்ந்தது. எக்ஸ்போஸே என்ற மூன்று பெண்கள் குழு அங்கிருந்து வந்ததுதான்.

இதில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர்கள் இரண்டு பேர். ஆல்பர்ட் கப்ரேரா, டோனி மொரான். லத்தீன் ராஸ்கல்ஸ் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஸ்பூல் டேப்பைப் பிளேடால் துண்டு துண்டாக நறுக்கி, ஒட்டும் டேப்பால் ஒட்டி, ஒரு சொல்லை ஐந்து முறை, ஆறு முறை திக்கித் திக்கி வர வைப்பார்கள். வானொலிக்காக அப்படி வெட்டி ஒட்டிய கலவைகளால்தான் அவர்கள் பெயர் பரவியது. அறுந்த கேசட்டை ஒட்டுவதற்கே எனக்கு அரை மணி நேரம் ஆகும். கை நடுங்கினால் பாட்டு போச்சு. அவர்கள் ஒரு நொடிக்குள் எத்தனை வெட்டு வைத்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, இப்போது உன் பாட்டுக்கு வருகிறேன். 'டெல் மீ' 2007 செப்டம்பரில் வந்தது. வொண்டர் கேர்ள்ஸ் என்ற கொரியப் பெண்கள் குழு பாடியது, பார்க் ஜின்-யங் எழுதியது. அதற்குள் இருப்பது ஸ்டேசி கியூ 1986-ல் பாடிய 'டூ ஆஃப் ஹார்ட்ஸ்' பாட்டின் துண்டு. அந்தப் பாட்டு அப்போது அமெரிக்காவில் 3-ம் இடம் வரை போனது. அதைச் சுத்தமான லத்தீன் ஃப்ரீஸ்டைல் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஸ்டேசி கியூ கலிஃபோர்னியாக்காரர். அடியும் டிஸ்கோ போல நேராகப் போகும். ஆனால் முதல் சொல்லே திக்கிக்கொண்டு வருகிறதே, அது அந்த டேப் வெட்டும் காலத்தின் சத்தம். உன் பாட்டில் 'டெல் டெல் டெல்' என்று குரல் தடுக்கும் இடத்தில் நீங்கள் தோளைக் குலுக்குகிறீர்கள், பார். அந்தக் குலுக்கலுக்குப் பின்னால் ஒரு பிளேடு இருக்கிறது.

நிஜமான ஃப்ரீஸ்டைல் வேண்டுமென்றால் அதே குழுவின் 'ஐ ஃபீல் யூ' கேள். 2015 ஆகஸ்ட் 3-ல் வந்த 'ரீபூட்' ஆல்பத்தில் இருக்கிறது. நான்கு பெண்களும் வாத்தியத்தோடு வந்தார்கள்: சன்மி பேஸ், யூபின் டிரம்ஸ், ஹேரிம் கிட்டார், யேயுன் கீபோர்டு. அந்தத் தள்ளி விழும் அடியும், நறுக்கென்று வரும் சிந்தசைசரும், குரலில் இருக்கும் தவிப்பும் எல்லாம் அதில் உண்டு. என் காதுக்கு அது 'டெல் மீ'யை விட ஒரு படி மேல். 'டெல் மீ' துண்டை எடுத்து வைத்துக்கொண்டது. 'ஐ ஃபீல் யூ' அந்த இலக்கணத்தையே படித்துவிட்டுப் புதிதாக எழுதியது.

கொரியாவுக்கு இது ஏன் ஒட்டியது என்று யோசித்துப் பார்த்தேன். நள்ளிரவு ஊரடங்கு அங்கே 1982 ஜனவரியில்தான் நீங்கியது. அமெரிக்க ராணுவ முகாம்களுக்காக நடந்த ஏ.எஃப்.கே.என். ஒலிபரப்பை உள்ளூர்க்காரர்களும் கேட்டார்கள். சியோலின் இதேவோன் பக்கத்து நடன விடுதிகள் வழியாகவும் அமெரிக்கச் சத்தம் ஊருக்குள் வந்தது. இவையெல்லாம் வழிகள். உண்மையான காரணம் ருசி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆடவும் வேண்டும், மனசு கனக்கவும் வேண்டும். அவர்களின் பழைய ட்ராட் பாட்டுகளில் இருக்கும் அந்தக் கசிவை 'ப்போங்' என்பார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். துயரமான ஸ்வரத்தில் வேகமான தாளம் வந்தால் அந்த ஊர்க் காதுக்கு அது அந்நியமாகவா இருக்கும்?

எனக்கு வருத்தம் எங்கே என்றால், 'ரெட்ரோ' என்ற ஒரு சொல் இத்தனை பேரையும் மூடிவிடுகிறது. 90களின் தொடக்கத்திலேயே வானொலிகள் ஃப்ரீஸ்டைலைக் கைவிட்டுவிட்டன. பாடியவர்களில் பலர் பெயர் அவர்கள் தெருவைத் தாண்டி நிற்கவில்லை. கொரியர்கள் எடுத்ததில் எனக்குக் குறையே இல்லை, அழகாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆடுகிற உனக்காவது அந்த ஊர் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை தெருவில் ஆடும்போது 'ஐ ஃபீல் யூ'வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடங்குமுன் கொரிய மொழியில் ஒரே ஒரு வரி, இந்தத் தாளம் ப்ராங்க்ஸிலிருந்து வந்தது என்று சொல். உன் உச்சரிப்பு நன்றாக வருகிறது, தைரியமாகச் சொல்லலாம்.

அந்தப் பழைய கேசட்டை நேற்று அலமாரியில் தேடி எடுத்தேன். பூஞ்சை பிடித்திருந்தது. பஞ்சால் துடைத்து, பென்சில் விட்டுச் சுற்றிப் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது. தம்பி அதைப் போனில் பதிவு செய்து அனுப்புவான். இரண்டாவது பாட்டின் நடுவில் ஓரிடத்தில் சத்தம் விட்டு வரும். அது அவர்கள் வெட்டியது இல்லை, 1991-ல் டேப் அறுந்து நான் ஒட்டிய இடம்.

அன்புடன்,
அப்பா