இலவச வண்டிக்கும் டீசல் போட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டு நிறுவனங்களுக்குச் சரக்கு வாகனம் வழங்கும் விழாக்களின் படங்கள் நாளிதழ்களின் மதுரைப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. மாலை போட்ட வண்டி, பெரிய அட்டைச் சாவி, கதவில் கொடையாளர் பெயர். கொடுப்பவர் மனதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே வண்டி மூன்றாம் ஆண்டில் எங்கே நிற்கிறது என்று பார்க்க யாரும் போவதில்லை. டயரில் காற்றிறங்கி, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று முடிந்து, பேட்டரி செத்து மரத்தடியில் நிற்கும். வண்டிக்குப் பணம் வந்தது, ஓட்டத்துக்கு வரவில்லை என்பதுதான் காரணம். அன்னதானம், முதியோர் இல்லம், காய்கறி விநியோகம் என்று நடத்தும் அமைப்புகளும் அவற்றுக்குக் கொடுக்க நினைப்பவர்களும் முன்கூட்டியே போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

ஒன்றேகால் டன் ஏற்றும் பிக்கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரோட்டுக்கு வரும்போது விலை 9.5 லட்சம் என்றும், 8 ஆண்டு கழித்து விற்றால் 2.5 லட்சம் கிடைக்கும் என்றும் வைத்தால், தேய்மானம் மட்டும் ஆண்டுக்கு 87,500 ரூபாய். இன்சூரன்ஸ் 35,000. டிரைவர் சம்பளம் மாதம் 18,000 வீதம் 2,16,000. வரி, எஃப்.சி., புகைச் சான்று எல்லாம் சேர்த்து 10,000. ஆக 3,48,500 ரூபாய். வண்டி ஓர் அடிகூட நகராமல் நின்றாலும் இந்தச் செலவு உண்டு. ஓடினால் வேறு செலவு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்து, டீசல் 93 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 7.75, டயருக்கு முக்கால் ரூபாய், ஆயில், ஃபில்டர், பிரேக், கிளட்ச் வகைக்கு 1.75. மொத்தம் 10.25.

இப்போது வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 39 ரூபாய் ஆகிறது. அதே வண்டி 30,000 ஓடினால் 22 ரூபாய். வெளியில் இதே அளவு வண்டி கிலோமீட்டர் 25 ரூபாய்க்கு வாடகைக்குக் கிடைக்கிறது என்று வைத்தால், சொந்த வண்டி கட்டுபடியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 23,600 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் சுமார் 2,000. வாரம் இரண்டு நாள் பரவை மார்க்கெட்டுக்கும் ஒரு நாள் மேலூருக்கும் போய்வரும் அமைப்பு அதில் பாதியைக்கூட எட்டாது. 12,000 கிலோமீட்டருக்கு வாடகை 3 லட்சம். சொந்த வண்டிக்கு 4.7 லட்சம். எங்கள் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பக்கத்து ஸ்டாண்டில் வாடகை விசாரித்து, உங்கள் டிரைவர் சம்பளத்தைப் போட்டு, மறுபடி கூட்டிக் கழித்துப் பாருங்கள். டிரைவர் சம்பளத்தை ‘நிர்வாகச் செலவு’ என்று வேறு தலைப்பில் எழுதிவிட்டு, வண்டிக்கு டீசல் மட்டும்தான் செலவு என்று கமிட்டியில் சொல்வதுதான் பல இடங்களில் நடக்கிறது. அந்தக் கணக்கில் எந்த வண்டியும் லாபமாகத்தான் தெரியும்.

கிலோமீட்டர் கணக்கு ஒரு பாதிதான். கிலோ கணக்கு மறு பாதி. மதுரையிலிருந்து பேரையூர்ப் பக்கம் போய்வர 100 கிலோமீட்டர் என்றால், 39 ரூபாய் வீதம் 3,900. அதில் 300 கிலோ காய்கறி போனால் கிலோவுக்கு 13 ரூபாய் வண்டிச் செலவு. 1,200 கிலோ போனால் 3.25 ரூபாய். இலவசமாகக் கிடைத்த கத்தரிக்காய்க்கு 13 ரூபாய் வண்டிக்கூலி கொடுப்பதைவிட, அந்த ஊர்ச் சந்தையிலேயே காசு கொடுத்து வாங்கிவிடலாம். பெரும்பாலான நாட்களில் புதிதாகவும் இருக்கும். ஆகவே, அழைப்பு வந்ததும் ஓடுவதை நிறுத்தி, திசைக்கு ஒரு நாள் ஒதுக்குவது நல்லது. திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர் ஒரு நாள். செக்கானூரணி, உசிலம்பட்டி ஒரு நாள். மேலூர், கொட்டாம்பட்டி ஒரு நாள். கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும். கனமான அரிசி மூட்டை கேபின் பக்கமாக, பின் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் வால் பக்கம் தள்ளி ஏற்றினால் ஸ்டியரிங் லேசாகி, ஈர ரோட்டில் முன்பக்கம் வழுக்கும். தக்காளி, கீரை வகைகளைச் சாக்கில் கட்டாமல் பிளாஸ்டிக் டிரேயில் அடுக்கினால், போய்ச் சேரும்போது கழிவு கணிசமாகக் குறையும். மதுரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் கீரை வண்டியில் இருக்கவே கூடாது.

அடுத்து டீசல். இங்கேதான் பணமும் போகிறது, மனக்கசப்பும் வருகிறது. ‘ஐந்நூறுக்குப் போடு, ஆயிரத்துக்குப் போடு’ என்று போட்டால் மைலேஜை எந்தக் கொம்பனாலும் கணக்கிட முடியாது. டேங்கை நிரப்பி, பம்ப் தானாக முதல் முறை நின்றதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தளும்ப விடக்கூடாது. அப்போது மீட்டர் எண்ணைப் பில்லின் பின்பக்கமே எழுதிவிட வேண்டும். அடுத்த முறை அதே பங்கில் அதே மாதிரி நிரப்பி, இடையில் ஓடிய கிலோமீட்டரை இப்போது பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். 420 கிலோமீட்டருக்கு 35 லிட்டர் பிடித்தால் 12. அடுத்த முறை அதே ரூட்டில் அதே லோடுக்கு 42 லிட்டர் பிடித்தால் 10. உடனே டிரைவர் மேல் பாய வேண்டாம். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தால் அது வண்டியின் கோளாறு. மண் ரோட்டில் ஓடி ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், டயரில் காற்று குறைந்திருக்கும், கிளட்ச் நழுவும், இல்லையென்றால் ஏதாவது ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருக்கும். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்ததும் நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடக்கூடாது. ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதுதான். மாறாக, மைலேஜ் திடீரென்று ஒரே ஒரு முறை மட்டும் விழுந்து மறுபடி சரியானால், அந்த வாரத்து ட்ரிப் ஷீட்டை, அதாவது ஓட்டக் குறிப்பை, எடுத்து உட்கார வேண்டும். டிரைவருக்கு ராத்தங்கல் பேட்டா கொடுக்காத அமைப்பில் அந்தப் பேட்டா டேங்கிலிருந்துதான் வரும்.

ட்ரிப் ஷீட் என்றால் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு போதும். புறப்பட்ட மீட்டர், திரும்பிய மீட்டர், எங்கே, என்ன லோடு, எத்தனை கிலோ, யார் சொல்லிப் போனது. இந்தக் கடைசி விவரம்தான் முக்கியம். அறங்காவலர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாற்காலி ஏற்றப் போன ட்ரிப்புகள் அதில் வெளிப்படும். அது வெறும் சங்கடம் மட்டுமல்ல. அறக்கட்டளையின் சொத்தை அறங்காவலரோ அவர் உறவினரோ உரிய வாடகை கொடுக்காமல் பயன்படுத்தினால் வருமானவரி விலக்குக்கே ஆபத்து.

டயரைப் பார்த்தாலே வண்டி நடத்தும் லட்சணம் தெரியும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்திருந்தால் காற்று அதிகம், ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கர அலைன்மென்ட் கோளாறு. காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்து டீசல் வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உள்ள வண்டி நகருக்குள்ளேயே, கீழமாசி வீதிக்கும் சிம்மக்கல்லுக்கும் இடையில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் அளவுக்குச் சூடாகாது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். எரிந்த அன்றே நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘எரியட்டும், வண்டி ஓடுதில்ல’ என்று விட்டால் இழுவை குறைந்து, கடைசியில் ஒர்க்‌ஷாப் பில்லாக வரும். புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் கேட்கும் வண்டியானால் அது தீருமுன் ஊற்ற வேண்டும்; தப்பித்தவறி டீசல் டேங்கில் ஊற்றினால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போச்சு.

பழைய வண்டியைக் கொடையாகத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்வதற்கு முன் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றைக் கேளுங்கள். ஃபைனான்ஸ் பாக்கி பதிவாகியிருக்கிறதா, வரி கட்டியிருக்கிறதா, நிலுவை அபராதம் உண்டா, எஃப்.சி. எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும். சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி.; அதற்கு மேல் ஆண்டுதோறும். வண்டி பழசாக ஆகக் கட்டணமும் கூடிக்கொண்டே போகும். கொடுப்பவருக்கும் ஒரு சொல்: பெயர் மாற்றாமல் சாவியை மட்டும் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. புது உரிமையாளர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும், 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் மனுக் கொடுக்க வேண்டும். எஃப்.சி.க்கு விடும் மாதத்தையும் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு முன்போ, ஐப்பசி கார்த்திகை மழைக்கு நடுவிலோ வண்டி பட்டறையில் இருந்தால் தேவைப்படும் நேரத்தில் இருக்காது.

சுங்கச்சாவடி விஷயம் சுருக்கமாக. திருமங்கலம் பக்கம் கப்பலூர், மேலூர் பக்கம் சிட்டம்பட்டி, அருப்புக்கோட்டை பக்கம் எலியார்பத்தி, திண்டுக்கல் பக்கம் கொடைரோடு. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இருவழிக்கும் சேர்த்து ஒன்றரைப் பங்குதான். அதனால் போன அன்றே திரும்பத் திட்டமிடுங்கள். ‘சின்ன யானை’ எனப்படும் டாடா ஏஸ் போன்ற சிறு வண்டிகளுக்கு ஃபாஸ்டேக்கில் கார் வகைக் கட்டணமே. தவறுதலாகப் பெரிய வகையில் டேக் கொடுக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கும். வங்கிக் குறுஞ்செய்தியைச் சாவடி விலைப் பலகையோடு ஒரு முறை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஆட்களைப் பின்னால் ஏற்றுவதை மட்டும் எந்த அமைப்பும் செய்யக்கூடாது. தன்னார்வலர்கள் மூட்டை மேல் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு போவது பார்க்க உற்சாகமாக இருக்கும். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிய பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்பது 2002 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு விபத்து போதும், அறக்கட்டளையே மூடிவிடும். அதிக பாரமும் அப்படித்தான். பிடித்தால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். தர்மத்துக்குப் போகிற வண்டி என்று சொன்னால் எடைமேடையில் எண் குறையாது.

வெள்ள நிவாரணத்தில்தான் இந்தத் தவறுகள் எல்லாம் ஒரே வாரத்தில் நடக்கும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கியபோது மதுரையிலிருந்து வண்டிகள் தெற்கே போயின. அவசரத்தில் கையில் கிடைத்ததை ஏற்றினால், பழந்துணியில் வண்டி நிறைந்துவிடும், பாதி எடைகூட வராது. தண்ணீரோ நேர்மாறு. லிட்டர் பாட்டில் பன்னிரண்டு கொண்ட பெட்டி 12 கிலோ. முக்கால் டன் ஏற்றும் சின்ன யானைக்கு அறுபது பெட்டியே எல்லை, மேலே இன்னும் இடம் காலியாகத் தெரிந்தாலும். இதுபோன்ற தூர ஓட்டத்துக்குச் சொந்தப் பிக்கப் நாலைந்தை வரிசையாக அனுப்புவதைவிட, லாரி புக்கிங் ஆபீஸில் ஒரே பெரிய வண்டி பேசுவது மலிவு. சாதாரண நாளில் தூத்துக்குடிக்கு ஒருவழி வாடகை பேசலாம். திரும்பி வர உப்பு லோடு கிடைக்கும் என்பதால் அவர்களே இறங்கி வருவார்கள். உப்பளம் மூழ்கிக் கிடக்கும் நேரத்தில் ரிட்டன் லோடு இருக்காது, இருவழி வாடகைதான் கேட்பார்கள். அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு லாரி வாடகையாக 35,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமானவரிக் கணக்கில் அது அறப்பணிச் செலவாக ஏறாது.

கொடையாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். வண்டி வாங்கித் தருவதானால் இரண்டாண்டு ஓட்டச் செலவையும் தனிக் கணக்கில் போட்டுக் கொடுங்கள். பயன்பெறும் அமைப்பு மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டாது என்றால் வண்டி வேண்டாம். ஆண்டு வாடகையை ஏற்றுக்கொள்ளுங்கள். அமைப்புகள் தங்கள் பங்குக்கு, அடுத்த வண்டிக்காக மாதம் 7,300 ரூபாய் ஒதுக்கி வர வேண்டும். வருமானவரி விலக்குக்கு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே செலவிட வேண்டும் என்ற விதி இதற்குத் தடையில்லை. ‘சரக்கு வண்டி வாங்க’ என்று நோக்கத்தைக் குறிப்பிட்டு உரிய படிவத்தைக் கெடுவுக்குள் கொடுத்தால் 5 ஆண்டு வரை சேர்த்து வைக்கலாம். கெடு தப்பினால் சேர்த்த பணத்துக்கு வரி கட்ட நேரும். ஆடிட்டரிடம் மார்ச் மாதமே பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
அறக்கட்டளைகளின் வாகனக் கணக்குப் பார்ப்போர் சிலர்,
மதுரை.